ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன படம் போடலாம்?

1986-ல் எனக்குப் பதினாறு வயது. மாயவரத்தில் ஒரு வீடியோ கடையில் வேலை. என் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது, ‘டெக் போடுற பையன்’ என்றால் தெரியும். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று எங்கே விசேஷம் நடந்தாலும் ராத்திரிக்கு டிவியும், வீடியோ கேசட் ஓட்டுகிற டெக்கும் வாடகைக்குப் போகும். கலர் டிவியைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி ட்ரைசைக்கிளில் ஏற்றிவிட்டு, டெக்கை மடியில் வைத்துக்கொண்டு நானும் தொற்றிக்கொள்வேன். ஒரு ராத்திரிக்கு மூன்று படம். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூவும்போது முடியும். ஹெட்டில் அழுக்கு சேர்ந்து படத்தில் மழை பெய்தால், ஸ்பிரிட் தொட்ட காகிதத்தால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவேன்.

மூன்றில் எதை முதலில் போடுவது என்பதில்தான் சூட்சுமம். முதல் படம் சாமிப் படமோ சிவாஜி படமோ. பெரியவர்கள் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். இரண்டாவது அந்த வருஷத்து ஹிட் படம். மூன்றாவது சண்டைப் படம். அதற்குள் முழித்திருப்பது மாப்பிள்ளையின் சிநேகிதர்களும் நானும்தான். ஒரு தடவை புத்தி கெட்டுப்போய் சண்டைப் படத்தை முதலில் சொருகிவிட்டேன். பத்தாவது நிமிஷம் பெண்ணுக்குப் பெரியப்பா எழுந்து வந்தார். “ஏம்ப்பா, நாளைக்கு முகூர்த்தத்த வச்சிக்கிட்டு வீட்டுல ரத்தம் கொட்டுதே, நல்லாருக்கா?” அன்றைக்கு எனக்கு டீக்காசு கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் முதலாளி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “மொதல்ல கூடத்த எண்ணுடா. அப்பறம் கேசட்ட எடு.”

இப்போது எனக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. டெக் போய், சிடி போய், டிவிடியும் போய்விட்டது. கூடத்துச் சுவரில் 43 அங்குல டிவி மாட்டியிருக்கிறது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா, நான், வீட்டுக்காரி, தம்பி குடும்பம், தம்பியின் பையன்கள் இரண்டு பேர், லீவுக்கு வந்தால் மகளும் மாப்பிள்ளையும் ஐந்து வயதுப் பேரனும். இத்தனை பேரையும் இரண்டரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வைக்க வேண்டும். முதலாளி சொன்னதைத்தான் இன்றும் செய்கிறேன். எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: கூடத்தை எண்ணுங்கள்

தலையை மட்டும் எண்ணினால் போதாது. யாருக்குக் காது மந்தம், யார் பாதியில் தூங்குவார்கள், யார் அடுத்து என்ன நடக்கும் என்று முந்திரிக்கொட்டை மாதிரி சொல்வார்கள், எந்தக் குழந்தை இருட்டுக்குப் பயப்படும் என்று எல்லாம் கணக்கு வேண்டும். அப்புறம் படத்தை ‘வீட்டுப் படம்’, ‘கொட்டகைப் படம்’ என்று பிரித்துக்கொள்ளுங்கள். இது தர வரிசை இல்லை. கொட்டகையில் அதிரடியாக இருக்கிற படம் கூடத்தில் வாடிப்போகும். கொட்டகையில் பத்து நாள் ஓடாத படம் கூடத்தில் குடும்ப உறுப்பினர் மாதிரி தங்கிவிடும்.

எது எது என்று பிரிக்க எனக்கு ஒரு சோதனை உண்டு, குக்கர் சோதனை. படம் ஓடும்போது குக்கர் நாலு விசில் அடிக்கிறது, ஒருவர் எழுந்து போய் அணைத்துவிட்டு வருகிறார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே “இப்ப என்னாச்சு தெரியுமா…” என்று ஆரம்பித்தால் அது வீட்டுப் படம். “உஷ், அப்பறம் சொல்றேன்” என்றால் கொட்டகைப் படம். காதலிக்க நேரமில்லை (1964) இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும். நாயகன் (1987) வாங்காது. இரண்டுமே எனக்கு உயிர்.

அன்பே சிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 பொங்கலுக்கு வந்தது, கொட்டகையில் எடுபடவில்லை. நானும் போகவில்லை, அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் இருக்கிறது. அப்புறம் டிவியில் போட்டுப் போட்டுத்தான் ஜனங்களுக்குப் பிடித்தது. மழையால் புவனேஸ்வரத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் சென்னைக்கு வந்து சேர வேண்டும், வழியெல்லாம் பேச்சு. பேசிக்கொண்டே போகிற படத்துக்குப் பேசிக்கொண்டே இருக்கிற கூடம்தான் சரியான கொட்டகை.

கூடத்தை எண்ணாமல் படம் போட்டு நான் கெட்ட கதை ஒன்று உண்டு. 2008 பொங்கல். என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. காவிரிக்கரை, பொங்கல் பாட்டு, கும்பகோணத்துப் பக்கத்துக் கதை என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மகாநதி (1994) டிவிடியை எடுத்து வந்து போட்டுவிட்டேன். ஆரம்பத்தில் பொங்கல் பாட்டு வந்தபோது அம்மா தாளம் கூடப் போட்டாள். பிறகு அந்தக் குடும்பம் சிதறி, அப்பன் தன் மகளைக் கல்கத்தாவில் தேடிப் போகும் இடம் வந்தது. அம்மா என் மகளை இழுத்து மடியில் படுக்க வைத்து அவள் கண்ணைப் பொத்திக்கொண்டாள். நான் அணைத்துவிட எழுந்தேன். வீட்டுக்காரி, “பாதில நிறுத்தாதீங்க, அந்தப் பொண்ணு கெடச்சுதான்னு தெரியணும்” என்றாள். முழுசும் பார்த்தோம். அன்று ராத்திரி ஒருத்தரும் சாப்பிடவில்லை. சர்க்கரைப் பொங்கல் மறுநாள் மாட்டுக்குப் போனது. தமிழில் வந்த மகத்தான படங்களில் ஒன்று என்று இப்போதும் சத்தியம் செய்வேன். ஆனால் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள்.

திருப்பிப் போடும் வசதி

வீட்டில் பார்ப்பதன் பெரிய லாபம், ரிமோட்டில் பின்னோக்கிப் போகிற பொத்தான். இதைப் பலர் சரியாகப் பயன்படுத்துவதில்லை, காதில் விழாத வசனத்துக்காக மட்டும் அழுத்துகிறார்கள்.

காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் பாலையாவுக்குத் தன் படக் கதையைச் சொல்வாரே, அந்தக் காட்சியை இரண்டு தடவை போடுங்கள். முதல் தடவை எல்லாரும் நாகேஷைப் பார்ப்பார்கள். பார்க்காமல் முடியாது. கதவு திறக்கிற சத்தம், காற்று, காலடி, எல்லாவற்றையும் வாயாலேயே போடுவார். முடிந்ததும் பின்னால் போய், “இப்ப பாலையாவ மட்டும் பாருங்க” என்று சொல்லுங்கள். ஒரு பணக்கார அப்பா முதலில் அலட்சியமாகக் கேட்க ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பயம் பிடித்து, கடைசியில் சின்னப் பிள்ளை மாதிரி ஒடுங்கிப்போகிறார். கதை சொல்கிறவர் பாதி, கேட்கிறவர் பாதி. எங்கள் வீட்டில் இந்தக் காட்சி இரண்டாம் தடவை ஓடும்போதுதான் சத்தம் அதிகம். தம்பி மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், பழைய படம் என்றாலே ஓடுவான். அவனை உட்கார வைத்தது பாலையாவின் முகம்தான்.

மைக்கேல் மதன காமராஜன் (1990) கூட அப்படித்தான். கிரேஸி மோகன் எழுதியதில் ஒரு வசனத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு ஓடிவிடும். அந்தத் தீபாவளிக்குக் கொட்டகையில் பார்த்தபோது ஜனங்களின் சிரிப்பில் பாதி வசனம் எனக்குக் காதில் விழவே இல்லை. அந்த வகையில் வீட்டில்தான் நான் முழுப் படத்தையும் பார்த்தேன். கல்யாண சாம்பாரில் மீன் விழுகிற பகுதிக்கு ரிமோட்டை யாராவது கையிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று கேட்கும். எங்கள் வீட்டில் ரிமோட் தம்பியிடம் இருக்கும், அதற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்து என்ன வரும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிற ஆள் அவன்தான். கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் வாய் கொஞ்சம் அடங்குகிறது.

தவிலைப் பார்த்து டிவியைச் சரிசெய்வது

போன வருஷம் ஓர் இணையதளத்தில் தில்லானா மோகனாம்பாள் (1968) கிடைத்தது. ஆசையாகப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கேட்டாள்: “சிவாஜி இந்தப் படத்துல இவ்ளோ குண்டா இருந்தானா?” பார்த்தால் எல்லாருமே குண்டு. பத்மினி குண்டு, தூண் குண்டு, நாகஸ்வரம் கூடப் புடைத்திருக்கிறது.

காரணம் எளிது. அந்தக் காலத்துப் படங்களின் சட்டம் சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வரும், அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று. இப்போதைய டிவி 16-க்கு 9. சதுரப் படத்தை இழுத்து அகலத் திரை முழுக்க நிரப்பினால் ஆள் அகலமாவார். இழுக்காமல் பெரிதாக்கி நிரப்பினால் மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டு, நெற்றியும் கையும் போய்விடும். அகலத் திரைக்கான சினிமாஸ்கோப் முறையில் தமிழில் வந்த முதல் படம் ராஜராஜ சோழன், 1973. எடுத்தவர் தில்லானாவை எடுத்த அதே ஏ.பி. நாகராஜன்தான். ஆகவே அதற்கு முந்தைய எந்தத் தமிழ்ப் படமும் உங்கள் டிவியை முழுக்க நிரப்பினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்க வேண்டும். சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் பட்டை வரும். அதைப் பார்த்து டிவி ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

சரியா தப்பா என்று கண்டுபிடிக்க வட்டமான பொருள் ஏதாவது வரும் வரை காத்திருங்கள். கார் சக்கரம், தட்டு, கடிகாரம். தில்லானாவில் கவலையே இல்லை, பாலையா தவிலோடு உட்கார்ந்திருப்பார். தவிலின் வலந்தலை, அதாவது வலது பக்க முகம், வட்டமாகத் தெரிந்தால் சரி. முட்டை மாதிரி இருந்தால் ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போய் 4:3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் மாற்றியதும் அம்மா, “ம், இப்பத்தான் சிக்கல் சண்முகசுந்தரம்” என்றாள்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், அந்தப் படத்தில் பார்க்க வேண்டியது முழுக்கக் கன்னத்திலும் கழுத்திலும் இருக்கிறது. நாகஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாயை மட்டும் வைத்தார் என்று யாராவது லேசாகச் சொன்னால், மூச்சு எடுக்கிற இடத்தில் அவர் கழுத்து நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பவர்களை நான் சின்ன வயதிலிருந்து அருகில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கே சந்தேகம் வரும்படி இருக்கும். முகத்தை இழுத்துவிட்டால் இந்த நுணுக்கம் அத்தனையும் போச்சு.

அதோடு படத்தின் நீளத்தையும் பாருங்கள். தில்லானா மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடும். இரண்டேகால் மணி என்று காட்டினால் பாட்டையோ மனோரமாவையோ யாரோ வெட்டியிருக்கிறார்கள், வேறு பிரதியைத் தேடுங்கள். ஜில் ஜில் ரமாமணி இல்லாத தில்லானாவைப் பார்ப்பதற்குப் பதில் மதியம் தூங்கலாம்.

இருட்டும் சத்தமும்

நாயகனை ஒருமுறை நடுமதியம் போட்டேன். எதிர் ஜன்னல் வெயில் திரையில் விழுந்து, வேலு நாயக்கருக்குப் பதிலாக நாங்கள் பாயில் உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது. பி.சி. ஸ்ரீராம் அந்தப் படத்திலும் மௌன ராகத்திலும் (1986) எவ்வளவு வெளிச்சம் காட்டினாரோ அதைவிட அதிகமாக வெளிச்சத்தை மறைத்திருக்கிறார். அதையெல்லாம் பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள். அதற்காகக் கூடத்தைக் கும்மிருட்டாக்க வேண்டாம். பெரியவர்கள் பாத்ரூம் போக எழுந்தால் காலில் தம்ளர் இடறும். டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு எரியட்டும், கண்ணுக்கும் வலி இல்லை. டியூப்லைட் மட்டும் அணைந்திருக்க வேண்டும்.

புது டிவி வாங்கியவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். சினிமா நொடிக்கு 24 சட்டம். டிவி தன் சொந்தப் புத்தியில் நடுவே சட்டங்களைச் சேர்த்து வழவழவென்று ஆக்கிவிடும். முள்ளும் மலரும் (1978) படத்தைப் பார்த்தால் மத்தியான சீரியல் மாதிரி இருக்கும். பாலுமகேந்திராவின் ஒளிப்பதிவுக்கு அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. செட்டிங்ஸில் ‘மோஷன்’ என்று தொடங்குகிற எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள். படத் தேர்வை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். முதல் நாள் மங்கலாக, மஞ்சளாகத் தோன்றும். இரண்டாம் நாள் பழகிவிடும்.

பேச்சு கேட்கவில்லை, பாட்டு வந்தால் காது கிழிகிறது என்பது எல்லா வீட்டுப் புகாரும்தான். படத்தின் ஒலியை ஐந்தாறு ஸ்பீக்கருக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு. உங்கள் டிவியிலோ இரண்டே ஸ்பீக்கர், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். எல்லாம் ஒன்றாகக் கலக்கும்போது வசனம் அமுங்கிவிடுகிறது. ஆப்பில் 5.1 என்றும் ஸ்டீரியோ என்றும் இரண்டு ஒலி இருந்தால் ஸ்டீரியோவை எடுங்கள். டிவியில் ‘கிளியர் வாய்ஸ்’ மாதிரி பெயரில் ஒரு வசதி இருந்தால் போடுங்கள். காது மந்தமானவரை டிவிக்கு நேர் எதிரே உட்கார வையுங்கள், ஓரத்தில் வேண்டாம். சீலிங் ஃபேனை ஒரு புள்ளி குறைத்தால் கிடைக்கிற தெளிவு ஆச்சரியமாக இருக்கும். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

செல்போன் விஷயத்தில் ஒரு அனுபவம். படம் ஆரம்பிக்கும் முன் எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வைத்தேன். நல்ல யோசனை என்று மாப்பிள்ளை கூடப் பாராட்டினார். முள்ளும் மலரும் கடைசிக் காட்சி, கூடமே அமைதி. தூக்குக்குள் யாரோ ஒருவருடைய போன் வைப்ரேட் ஆகி, கோயில் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். பேரன் அலறி அழுதுவிட்டான். அதிலிருந்து மஞ்சப் பைதான். துணிக்குள் எத்தனை போன் துடித்தாலும் வெளியே கேட்பதில்லை.

தீனியிலும் இதே நியாயம். முறுக்கும் அப்பளமும் இடைவேளைக்கு மட்டும். ஓடும்போது அவித்த வேர்க்கடலை, கேசரி, சுண்டல். இடைவேளை என்று போர்டு வரும் இடத்தில் கட்டாயம் நிறுத்துங்கள், அதை வைத்துத்தான் நம் ஆட்கள் திரைக்கதை எழுதுகிறார்கள். நினைத்த இடத்தில் நிறுத்திக் காபி போடுவது பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுப்பது மாதிரி.

கொட்டகைப் படங்களை என்ன செய்வது?

பாட்ஷா (1995), படையப்பா (1999), கில்லி (2004). மூன்றும் கொட்டகைக்காகப் பிறந்தவை. 2024-ல் கில்லியை மறுபடி ரிலீஸ் செய்தபோது பையன்கள் திரைக்கு முன்னால் ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பாட்ஷா பார்ப்பது இரண்டு பேர் தேர் இழுப்பதைப் போன்றது. குறைந்தது எட்டுப் பேராவது சேருங்கள். அக்கம் பக்கத்தில் சொல்லிவிட்டு ஒலியைக் கூட்டுங்கள். அதுவரை அடி வாங்கிக்கொண்டு அடங்கிக் கிடந்த ஆட்டோக்கார மாணிக்கம் திருப்பி அடிக்கும் இரவு வரும்போது யாரும் எழுந்து போகாமல் வாசலில் தம்பியை உட்கார வையுங்கள். படையப்பாவில் துண்டை வீசி ஊஞ்சலை இழுத்து உட்காரும் இடத்தில் விசில் அடிக்கத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். எங்கள் வீட்டில் என் மகள் அடிப்பாள். அம்மாவோ முதல் நாளிலிருந்து நீலாம்பரி கட்சி. “அவ கேட்டதுல என்னடா தப்பு?” என்பாள். ரம்யா கிருஷ்ணன் வந்துவிட்டால் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிடுவாள்.

சமயத்துக்கு ஏற்ற சில படங்கள்

மாப்பிள்ளை முதன்முதலாக வந்து, யார் என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லாரும் கூடத்தில் விழித்துக்கொண்டிருந்தால் தில்லு முல்லு (1981). மீசை பற்றிப் பேச்சு தொடங்கிவிடும், பிறகு சிரமமில்லை. விருந்தாளிகளில் பல வயதுக்காரர்கள் கலந்திருந்தால் மொழி (2007). 1984-லேயே காலம் நின்றுபோன பேராசிரியராக எம்.எஸ். பாஸ்கர் வருகிற காட்சிகளில் சிரித்துக்கொண்டே இருக்கும் கூடம் திடீரென்று அமைதியாகும். குழந்தைகளுக்குக் காக்கா முட்டை (2015). ஆனால் அன்று ராத்திரி பீட்சா கேட்பார்கள் என்று தெரிந்தே போடுங்கள். படத்தில் பாட்டி தோசை மாவில் செய்வதைப் போலவே என் வீட்டுக்காரி செய்து கொடுத்தாள். பேரன் படத்துப் பையன்கள் சொன்ன அதே தீர்ப்பைச் சொன்னான்.

கரகாட்டக்காரனை (1989) எல்லாரும் பார்த்திருப்பதாக நினைக்கிறார்கள். வாழைப்பழத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய முழுப் படத்தை உட்கார்ந்து பார்த்த இளைஞர்கள் எத்தனை பேர்? போட்டுக் காட்டுங்கள்.

லப்பர் பந்து (2024) புதுசில் எனக்குப் பிடித்த வீட்டுப் படம். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு, கெத்து, அன்பு என்கிற இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொள்வது. அம்மாவுக்கு ரன் என்றால் என்ன என்றே தெரியாது. ஸ்வாசிகாவும் கீதா கைலாசமும் மருமகளும் மாமியாருமாக வருகிற காட்சிகளுக்காக இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் பார்த்தாள். பொன்மனச் செல்வன் பாட்டு வரும்போது நானும் தம்பியும் விஜயகாந்த் ரசிகர்களாக இருந்த காலத்துக்குப் போய்விட்டோம். ஒரே படம், ஒரே கூடம், ஆளுக்கு ஒரு கதை.

கடைசியாக மெய்யழகன் (2024). இதைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது, நீடாமங்கலம் எங்களுக்குப் பக்கம். கொட்டகையில் நீளம் என்று புகார் வந்து பதினெட்டு நிமிஷத்தைக் குறைத்தார்கள். எனக்கு அந்தப் புகார் புரிகிறது. நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை அது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாய் விரித்து, சாய்ந்துகொண்டு பாருங்கள். சொத்துத் தகராறில் ஊரை விட்டுப் போனவர் தங்கை கல்யாணத்துக்கு வருகிறார். உபசரிக்கிற சொந்தக்காரனுக்கு இவர் மேல் உயிர், இவருக்கோ அவன் பெயரே ஞாபகம் வரவில்லை. மேடையில் அந்தத் தங்கைக்கு நகை போடுகிற காட்சி வந்தபோது எங்கள் கூடத்தில் ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம்.

அதற்கு அப்புறம்தான் விஷயம். அரவிந்த்சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்கப் பேச ஆரம்பித்ததும் அம்மாவும் பேச ஆரம்பித்துவிட்டாள். நீடாமங்கலத்தில் அவளுடைய சித்தி வீடு, அங்கே இருந்த மாட்டுக்கொட்டில், ஒரு தீபாவளிக்குக் கொடுத்த சிவப்புப் பாவாடை, அந்தச் சித்தி மகன் பெயர் என்ன என்று அவளுக்கும் வரவில்லை. தம்பி ரிமோட்டில் நிறுத்தப் போனான். வேண்டாம் என்று சைகை காட்டி ஒலியை மட்டும் குறைக்கச் சொன்னேன். திரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கம் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் இப்படி ஓடியது. பெயர் மறுநாள் காலை காபி குடிக்கும்போது வந்தது, சந்தானம்.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் சண்டை வராமல் இருக்க முறை வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு ஞாயிறு. மற்றவர்களுக்கு அந்தத் தேர்வைக் குறை சொல்லும் உரிமை படம் முடிந்த பிறகுதான். இந்த வாரம் அம்மாவின் முறை. எப்போதும் போல திருவிளையாடல் (1965). நாலு கதை இருப்பதால் பேரனுக்கு ஒரு நாளைக்கு ஒன்றாகவும் காட்டலாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, முழுசாக வேண்டுமாம். சாப்பிட்டதும் அவளுக்குக் கண் சொருகும். தருமி மண்டபத்தில் தனியாகப் புலம்புகிற இடம் வந்ததும் எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறாள்.